அழாதவளின் சாட்சி

போன வாரம் நாம் கதையை விட்ட இடம் நினைவிருக்கும். சபையில் சாட்சி சொல்ல முடியுமா என்று போதகர் ஐயா போனில் கேட்டார், சின்ன மருமகள் "சரிங்க ஐயா" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒரு 'சரி'யைப் பிடித்துக்கொண்டு வாசகர்கள் எழுதியிருக்கும் கடிதங்களைப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறது. 'அந்தப் பெண்ணை ஒருமுறையாவது அழ வையுங்கள்' என்கிறார் ஒருவர். 'அவள் அழாமல் இருப்பதுதான் கதைக்கே அழகு, கெடுத்துவிடாதீர்கள்' என்கிறார் இன்னொருவர். என் கையில் என்ன இருக்கிறது? அவள் அழவும் இல்லை, அழுகையை அடக்கவும் இல்லை. கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை, அதுதான் உண்மை.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் இரண்டு மகன்கள். மூத்தவனும் அவன் மனைவியும் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்கள், மாடியில் குடியிருக்கிறார்கள். இளையவன் லிஃப்ட் மெக்கானிக். மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பு ஒரு மதியம், வேலை பார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவன் குழாயடியிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் இதயம் நின்றுவிட்டது. அவன் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இல்லை. கீழ் வீட்டில் அவளும், அவள் அத்தை என்று கூப்பிடும் மாமியாரும் மட்டும்.

அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் 'சரி'தான். அவன் சட்டைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா? சரி. கட்டிலை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போடலாமா? சரி. வேறு ஊரில் திறக்கும் புதுக் கிளைக்குப் போகிறாயா என்று பரிசோதனைக் கூடத்து மேனேஜர் கேட்டபோதும் சரி என்றுவிட்டாள். திங்கட்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். அதை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. சொல்லத் தோன்றவில்லை.

இன்று சனிக்கிழமை. சாயங்காலம் அவள் சபை முன்னால் நின்று சாட்சி சொல்ல வேண்டும்.

சாட்சி என்றால், கர்த்தர் தனக்குச் செய்ததை எழுந்து நின்று நாலு பேர் கேட்கச் சொல்வது. எல்லாச் சபையிலும் உண்டு. இந்தச் சபையில் கூடுதலாக ஒரு வழக்கம். சாட்சி சொன்னவரை அப்படியே இறங்கிப் போக விடமாட்டார்கள். இன்னொருவர் மேடைக்கு வந்து, அவர் தோளில் கை வைத்து, முகத்தைப் பார்த்து ஓர் உற்சாக வார்த்தை சொல்ல வேண்டும். பேப்பரைப் பார்த்துப் படிக்கக் கூடாது. இழுத்துக்கொண்டே போகவும் கூடாது. பல வருடமாக அந்த வேலை அத்தையுடையது.

அத்தையிடம் அதற்கு ஒரு கைராசி உண்டு. பரீட்சையில் தோற்றவன், கடையை மூடியவன், கல்யாணம் தள்ளிப்போகிறவள் எல்லாரும் அவளிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போவார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. அந்த வார்த்தைகள் பலித்தன. வேலை போய் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அச்சகத் தொழிலாளி ஒருவரிடம், "உங்க கைக்கு சும்மா இருக்கத் தெரியாது, பாருங்க" என்றாள். மனிதர் மறுநாளே சவரம் செய்துகொண்டு வேலை தேடப் புறப்பட்டுவிட்டார்.

அப்படிப்பட்டவள் இன்று தன் மருமகளுக்கே வார்த்தை சொல்லப் போகிறாள். காலையிலிருந்து அடுப்படியில் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

"என்ன சொல்றதுன்னு யோசிச்சியாம்மா?" என்று கேட்டாள், டீயை நீட்டியபடி.

"இல்ல அத்தை."

"யோசிக்கவே வேணாம். எழுந்து நின்னா போதும், தானா வரும். ஆஸ்பத்திரியில நீயே கையெழுத்துப் போட்டத சொல்லு. அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு நீயே நாற்காலி எடுத்துப் போட்டத சொல்லு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, அத சொல்லு. அதெல்லாம் யாரு குடுத்த பெலன்?"

"சரி அத்தை."

அத்தை அவள் கன்னத்தைத் தொட்டாள். "உன்னப் பாத்துத்தாம்மா நான் நிக்கிறேன்."

இதை அத்தை தினமும் சொல்கிறாள். பெற்ற மகனைப் பறிகொடுத்தவள் இப்படிச் சொன்னால் யார் என்ன பதில் பேச முடியும்? சின்னவள் தலையில் ஒரு மூட்டையை ஏற்றிவிட்டு, எவ்வளவு அழகாகச் சுமக்கிறாய் என்று பாராட்டுவது போலத்தான் இருந்தது அது. சின்னவளுக்கு அந்தக் கனம்கூடத் தெரியவில்லை. தலையில் ஏதோ இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. டீயைக் குடித்தாள். சூடாக இருந்ததா, ஆறிவிட்டதா என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் சனிக்கிழமை கூட்டம் அதிகம். வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். நரம்பைத் தட்டினாள்.

"விரல மூடிக்கங்க. லேசா சுருக்குனு இருக்கும், அவ்ளோதான்."

ஒரு நாளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. முன்பெல்லாம் சொல்லும்போது ஆளின் முகத்தைப் பார்ப்பாள். இப்போது கையை மட்டும் பார்க்கிறாள். கை எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

"நீயாம்மா இன்னிக்கு!" என்று ஒரு கை பேசியது. நிமிர்ந்தாள். சபையின் பாட்டு டீச்சர். பாடகர் குழுவை நடத்துகிறவர், சர்க்கரை நோயாளி, சாதாரணமாகப் பேசினாலே மூன்றாவது அறையில் கேட்கும்.

"சாயங்காலம் உன் சாட்சின்னு கேள்விப்பட்டேன். நான் முன்னாடியே வந்து உக்காந்துடுவேன். நீ ஒரு சிங்கம்மா, சிங்கம்! உன்ன நெனச்சுத்தான் நான் என் மூட்டுவலியவே தாங்குறேன்."

"விரல மூடிக்கங்க."

"அந்தத் தையல்காரம்மா இல்ல? புருஷன் தவறின நாள்லருந்து ஒரே அழுகை. பாட்டு நேரத்துல அழுகை, ஜெப நேரத்துல அழுகை. நேத்து நான் கூப்பிட்டு உக்கார வெச்சு நல்லா தைரியம் சொன்னேன். உன்னத்தான் காட்டினேன். 'அந்தப் பொண்ணுக்கு உன்னவிட வயசு கம்மி, ஒரு சொட்டு விட்டாளா பாரு, உனக்கு மட்டும் விசுவாசம் எங்க போச்சு'ன்னு கேட்டேன். தலைய ஆட்டிக்கிட்டா. இன்னிக்குக் கண்டிப்பா வரச்சொல்லியிருக்கேன்."

ஊசி உள்ளே போனது. குழாயில் ரத்தம் ஏறியது. டீச்சர் நல்ல மனசுக்காரர், யாருக்காவது கஷ்டம் என்றால் முதல் ஆளாக ஓடி வருகிறவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

"பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கங்க" என்றாள் சின்னவள். "அடுத்தவங்க வாங்க."

மதியம் வேலை முடிந்து வெளியே வந்தபோது ஓரகத்தி காத்துக்கொண்டிருந்தாள். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை பொருத்திய டிரைவிங் ஸ்கூல் கார். பெரியவளுக்கு உற்சாக வார்த்தையெல்லாம் வராது. வண்டி பழக வருகிறவர்களிடம் அவள் பேசுவதெல்லாம், "கண்ணாடியப் பாருங்க", "கிளட்ச்ச மெதுவா விடுங்க", "முன்னாடி போறவன் உங்க மாமன் இல்ல, ஒட்டிக்கிட்டே போகாதீங்க". அத்தனை திட்டு வாங்கியும் அவளிடம்தான் ஆட்கள் சேருகிறார்கள்.

"ஏறுடி. அத்தை உன்னச் சீக்கிரம் கூட்டிட்டு வரச்சொன்னாங்க, தலை வாரி விடணுமாம். நீ என்ன பள்ளிக்கூடப் பிள்ளையா?"

சின்னவள் ஏறி உட்கார்ந்தாள். சிக்னலில் நின்றபோது பெரியவள் சாலையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"உனக்கு எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்கேன்க்கா."

"அத எல்லார்கிட்டயும் சொல்லு. நான் கேட்டது வேற."

பச்சை விழுந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். பெரியவள் கையை வெளியே நீட்டி அவனைச் சுற்றிக்கொண்டு போகச் சொன்னாள். பதில் வராமல் வண்டி நகராது என்று தெரிந்ததும் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணுமே இல்லக்கா."

"ஒண்ணும் இல்லன்னா?"

"பல்லு புடுங்க ஊசி போடுவாங்கள்ல? அதுக்கப்புறம் வாய் இருக்கும். நம்ம வாய்தான். கடிச்சாக்கூடத் தெரியாது. அந்த மாதிரி இருக்கு. உள்ளயும் வெளியயும்."

பெரியவள் வண்டியைக் கிளப்பினாள். ஆனால் வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. வழக்கமாகப் பழக்கும் காலி மைதானத்துக்கு விட்டாள். ரிவர்ஸ் எடுக்கப் பழகுவதற்காக வைத்திருந்த காலி டிரம்கள் வரிசையாக நின்றன. என்ஜினை அணைத்தாள்.

"எத்தன நாளா?"

"அன்னிலருந்து."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"யாரும் கேக்கலையேக்கா. எல்லாரும் சொன்னாங்க. நல்லா இருக்கே, தைரியமா இருக்கே, சிங்கம், அது இதுன்னு. நீங்கதான் ஒண்ணும் சொல்லல, ஒண்ணும் கேக்கவும் இல்ல."

பெரியவளுக்குச் சுரீர் என்றது. உண்மைதான். தனக்கு நல்லதாக நாலு வார்த்தை பேச வராது, ஏதாவது உளறி வைப்போம் என்று பயந்து, மூன்று மாதமாக மாடியிலேயே இருந்துவிட்டாள். சாப்பாடு செய்து இறக்கி அனுப்பினாள். தான் இறங்கி வரவில்லை.

"ஜெபம் பண்றியா?"

"உக்காருவேன். வார்த்தை வராது. சும்மா சுவத்தப் பாத்துட்டு எழுந்துடுவேன்." அதோடு இதையும் சேர்த்துக்கொண்டாள். "வேற ஊருக்குப் போறியான்னு மேனேஜர் கேட்டாரு. சரின்னுட்டேன். திங்கக்கிழமை கையெழுத்து."

"என்னது? போகணும்னு ஆசையா?"

"தெரியலக்கா. ஆசைன்னா எப்படி இருக்கும்னே ஞாபகம் இல்ல."

பெரியவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"சரி, அத அப்புறம் பாப்போம். சாயங்காலம் என்ன சொல்லப்போற?"

"அத்தை சொல்லச்சொன்னத."

"பொய்யாடி?"

"பொய் இல்லக்கா. எல்லாம் நடந்ததுதான். கையெழுத்துப் போட்டேன், நாற்காலி போட்டேன், அழல. ஆனா அதுக்குப் பேரு பெலன் இல்ல. அது மட்டும் எனக்குத் தெரியும்."

"அப்ப இதயே சொல்லிடேன்."

"அத்தை தாங்க மாட்டாங்க. என்னப் பாத்துத்தான் நிக்கிறேன்னு தெனமும் சொல்றாங்க. நான் இப்படின்னு தெரிஞ்சா அவங்க விழுந்துடுவாங்க. அவருக்கு அவங்கன்னா உசுரு. எனக்கு அது மட்டும் நடந்துடக் கூடாது."

அத்தையைப் பெரியவளுக்கும் தெரியும். மகன் அடக்கத்தில்கூட வந்தவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவள். அந்த உடம்புக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலடி" என்றாள் கடைசியில். "நீ எத வேணா சொல்லு. நான் முதல் வரிசையில உனக்கு நேரா உக்காந்திருப்பேன். யாராவது விழுந்தா பிடிச்சுக்கிறேன். நீயா இருந்தாலும் சரி, அத்தையா இருந்தாலும் சரி."

சபை கூடும் இடம் முன்பு ஒரு குடோனாக இருந்தது. உயரமான தகரக் கூரை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் கீழே காற்று வந்து சேராத மின்விசிறிகள். பாடல்கள் முடிந்தன. பாட்டு டீச்சர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தையல்காரம்மா, கையில் கசங்கிய கைக்குட்டையோடு. டீச்சர் சொன்னபடியே கூட்டிவந்துவிட்டார்.

போதகர் ஐயா மைக்கைப் பிடித்தார். "நம்ம எல்லாருக்கும் இந்தச் சகோதரியத் தெரியும். இவ்வளவு பெரிய இழப்புல ஒரு துளிக் கண்ணீர் சிந்தாம நின்னவங்க. இவங்களப் பாத்து நாம கத்துக்கணும்."

"ஆமென்!" என்றார் ஆமென் மாமா. இரும்புக்கடை வைத்திருப்பவர். பேசுகிறவர் மூச்சு வாங்கினால் போதும், அங்கே ஓர் ஆமென் வைத்துவிடுவார். அறிவிப்புகளுக்குக்கூட.

சின்னவள் மேடைக்குப் போனாள். பயம் இல்லை. பயம் வந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். எதிரே பெரியவள், சொன்னபடியே முதல் வரிசையில். மேடை ஓரத்தில் தனி நாற்காலியில் அத்தை, உற்சாக வார்த்தையைத் தயாராக வைத்துக்கொண்டு. அத்தையின் முகம் அன்றைக்கு இருந்த தெளிவில் பல நாளாக இருந்ததில்லை.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காரர் போன அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

"ஆமென்!"

"அடக்கத்துக்கு வந்தவங்களுக்கு நான்தான் நாற்காலி எடுத்துப் போட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்று பல குரல்கள்.

"நான் அழல. அன்னிக்கும் அழல. இது வரைக்கும் அழல."

கைதட்டல் எழுந்தது. இதோடு முடித்துக்கொண்டு இறங்கியிருக்கலாம். இறங்குவதாகத்தான் இருந்தாள். அப்போது தையல்காரம்மாவைப் பார்த்தாள். அந்தப் பெண் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைக்குட்டையைப் பைக்குள் திணித்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். வாய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டு டீச்சர் அவள் முழங்கையில் தட்டி, 'அப்படித்தான்' என்பது போலத் தலையாட்டினார்.

சின்னவள் மைக்கை விட்டு நகரவில்லை.

"அக்கா" என்றாள், தையல்காரம்மாவைப் பார்த்து. "நீங்க அழுங்க."

கைதட்டல் அங்கங்கே நின்று நின்று ஓய்ந்தது.

"என்னப் பாத்து நிறுத்தாதீங்க. எனக்கு அழுகை வரல, அவ்ளோதான். அது பெலன் இல்ல. எனக்கு மரத்துப் போச்சு. நீங்க எல்லாரும் வந்து நல்ல நல்ல வார்த்தை சொன்னீங்க. உங்க மேல தப்பு இல்ல. எதுவும் எனக்குள்ள போகல. அவரு சட்டையெல்லாம் எடுத்துக் குடுத்தாங்க, பாத்துக்கிட்டே நின்னேன். நான் ஜெபம் பண்றதே இல்ல."

"ஆமென்!" என்றார் ஆமென் மாமா பழக்க தோஷத்தில். சொல்லி முடித்த பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று தெரிந்தது. பாவம், நாற்காலியிலேயே குறுகிப்போனார். யாரும் சிரிக்கவில்லை.

"விசுவாசம் போயிடுச்சான்னு கேட்டா, அதுவும் தெரியல. இருக்கற இடத்துல இருக்கும்னு நெனைக்கிறேன். எனக்குத் தட்டுப்படல. உங்களுக்கு அழ முடியுதுக்கா. அத விட்டுடாதீங்க. இதான் என் சாட்சி. மன்னிச்சுக்கங்க."

போதகர் ஐயா எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து நின்றார். ஆனால் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. சாட்சி முடிந்தால் உற்சாக வார்த்தை. எல்லாக் கண்களும் மேடை ஓரத்து நாற்காலிக்குத் திரும்பின.

அத்தை எழுந்தாள்.

பெரியவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அத்தை விழுந்தால் எந்தப் பக்கம் விழுவாள் என்று கணக்குப் போட்டாள்.

அத்தை விழவில்லை. நடந்து வந்தாள். மருமகளின் தோளில் கை வைத்தாள், மற்றவர்களுக்கு வைப்பது போலவே. முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள். ஊருக்கெல்லாம் வார்த்தை சொன்னவளுக்கு வார்த்தை வராமல் சபை அன்றுதான் பார்த்தது.

"நான் ஒண்ணு வெச்சிருந்தேன்" என்றாள் பிறகு. "அது வேணாம்."

தோளில் வைத்த கையை எடுக்காமலேயே பேசினாள்.

"எம்மகன் போன அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். நீ அழுதா உன்னக் கட்டிக்கிட்டு நானும் அழுதுடலாம்னு பாத்தேன். நீ அழல. சரி, சின்னப் பொண்ணே தாங்குது, பெரியவ நான் அழுதா என்ன மரியாதைன்னு உள்ள வெச்சுக்கிட்டேன். அப்புறம் எடுக்க வழி தெரியல. தெனமும் உங்கிட்ட வந்து உன்னப் பாத்துத்தான் நிக்கிறேன்னு சொன்னேன். நான் நிக்கிறதுக்காக உன்னயும் விடாம நிக்க வெச்சேன்."

"அத்தை..."

"இனிமே எனக்காக நீ தைரியமா இருக்க வேணாம்மா."

அதுதான் அன்றைய உற்சாக வார்த்தை. அதற்கு மேல் அத்தையால் முடியவில்லை. மருமகளின் தோளில் நெற்றியை வைத்து அழுதாள். அழகான அழுகை இல்லை அது. பல நாள் திறக்காத குழாயைத் திறந்தால் முதலில் துருவும் சத்தமுமாக வருமே, அப்படி. மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் குடோன் முழுவதும் கேட்டது. தையல்காரம்மா கைக்குட்டையை மறுபடி வெளியே எடுத்தாள். பாட்டு டீச்சர் ஒருதடவை அவளைத் திரும்பிப் பார்த்தார். தன் கையை எடுத்து அவள் முதுகில் வைத்தார், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து டீச்சர் தன் ஆயுளில் சொன்ன நல்ல ஆறுதல் அதுதான்.

சின்னவள் அழுதாளா என்று கேட்பீர்கள். இல்லை. அத்தையின் தலை அவள் தோளில் கனத்தது. எலும்பு அழுந்தி வலித்தது. வலிக்கிறது என்று தெரிந்ததும் அவள் நகராமல் அப்படியே நின்றாள்.

திரும்பி வரும்போது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. பெரியவள் வண்டியை ஓட்டினாள். சின்னவள் முன்னால். அத்தை பின் சீட்டில், வீங்கிய கண்களோடு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ஐயா என்ன சொன்னாரு?" என்று பெரியவள் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. கும்பிட்டாரு" என்றாள் அத்தை. பிறகு, "திங்கக்கிழமை எங்கயோ கையெழுத்துப் போடணுமாமே" என்றாள்.

பெரியவள் பிரேக்கை மிதித்துவிட்டாள். "நான் சொல்லல, அத்தை!"

"நீ சொல்லல. மேனேஜர் வீட்டு நம்பருக்குப் பேசினாரு. இவ குளிக்கப் போயிருந்தா."

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். "தெரிஞ்சும் கேக்கலையே அத்தை."

"நீயா சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லல. சரி, கெளம்புற அன்னிக்குச் சொல்லி அனுப்ப ஒரு நல்ல வார்த்தையா தேடலாம்னு தேடிக்கிட்டு இருந்தேன். அதுவும் கெடச்சுது."

"என்ன வார்த்தை?"

"அத நான் சொல்ல மாட்டேன். சொன்னா நீ சரின்னு கெளம்பிடுவே. போகாதன்னு சொன்னா அதுக்கும் சரின்னு இருந்துடுவே. ரெண்டுமே எனக்கு வேணாம்." அத்தை முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "உனக்கு என்ன வேணும்னு நான் இது வரைக்கும் கேட்டதே இல்லம்மா. இப்பக் கேக்குறேன். போகணும்னு இருக்கா? எங்ககூட இருக்கணும்னு இருக்கா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். 'சரி' என்ற சொல் பழக்கப்படி முன்னால் வந்து நின்றது. இந்தக் கேள்விக்கு அது பொருந்தவில்லை. மூடிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மருந்துக்கடை போனது, சலவைக்கடை போனது, அவர்கள் தெரு முனை வந்தது.

பெரியவள் கண்ணாடியில் அத்தையைப் பார்த்தாள். பக்கத்தில் சின்னவளைப் பார்த்தாள். வீட்டு வாசல் வந்தது. வண்டியை நிறுத்தாமல், இன்னொரு சுற்று போய்விட்டு வரலாம் என்று தெருவைத் தாண்டி ஓட்டினாள்.